எழுபத்தொன்பது நாள் வராதவன்

ஒரு கல்லூரியில் ஒரு மாணவன் இருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வகுப்பை எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். அப்படியில்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நல்ல முறை. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் யாருக்கும் புரிந்துவிடும்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் இருந்த சபாநாயகம் நினைவுக் கலை அறிவியல் கல்லூரியில், எண்பத்தாறாம் வருஷம், அந்த முறை இப்படி நடந்தது. வகுப்புக்கு ஒன்றாக நீல அட்டை போட்ட நீளமான பதிவேடு. இடது ஓரத்தில் எண், அடுத்துப் பெயர், பிறகு நாளுக்கு ஒரு கட்டம். காலையில் ஆசிரியர் எண்ணைக் கூப்பிடுவார். "எஸ் மிஸ்" என்று சத்தம் வந்தால் கட்டத்தில் ஒரு சாய்கோடு. மதியம் மறுபடி சத்தம் வந்தால் எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆகிவிட்டால் அந்த மாணவன் அன்று முழுநாளும் இருந்தான் என்று பொருள். சத்தம் வராவிட்டால், ஆப்சென்ட் என்பதற்குச் சிவப்பு மையில் ஒரு 'ஏ'. பருவம் முடிந்ததும் தலைமை எழுத்தர் அய்யாசாமி, மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, பெருக்கல் குறிகளை எண்ணிச் சதவீதம் போடுவார். எழுபத்தைந்துக்கு மேலே இருந்தால் ஹால் டிக்கெட்.

பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கூப்பிடுவதற்கும் காரணம் உண்டு. ஐம்பது பெயரைக் கூப்பிட ஆறு நிமிஷம் ஆகும். ஐம்பது எண்ணுக்கு இரண்டு நிமிஷம் போதும். மிச்சமாகும் நான்கு நிமிஷத்தில் பாடம் நடத்தலாம். நடத்தினார்களா என்பது வேறு விஷயம், அது இந்தக் கதையில் வராது.

இந்த முறைக்குள் வந்து மாட்டியவன் ஜேசுராஜ். அண்ணனூர்க்காரன். பி.எஸ்சி. கணிதம், முதல் வருஷம். அப்பா கிறிஸ்துதாஸ் அண்ணனூர் ரயில்பெட்டிப் பணிமனையில் ஃபிட்டர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குள் போன முதல் ஆள் ஜேசுராஜ்தான். முதலில் போயிருக்க வேண்டியவள் அக்கா ஹில்டா. இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்றானதும், ப்ளஸ் டூ முடித்த கையோடு அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக்குக் காலர் தைக்கப் போய்விட்டாள். "நீ ஒழுங்கா போய்க்கினு வாடா, அது போதும்" என்று மட்டும் தம்பியிடம் சொன்னாள். அவன் போய்க்கொண்டு வந்தான். தொண்ணூறு வேலை நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

முதலில் அவனுக்குக் கிடைத்தது பி பிரிவு, இருபத்தொன்றாம் எண். பன்னிரண்டாவது நாள் பி பிரிவில் ஒரு பெஞ்சு உடைந்தது. அதில் ஓரமாக உட்கார்ந்திருந்தவன் ஜேசுராஜ். பெஞ்சைச் சரிசெய்ய மூன்று கையெழுத்து வேண்டும், மாணவனை மாற்ற வாய்வார்த்தை போதும் என்பதால் அய்யாசாமி அவனை ஏ பிரிவுக்கு மாற்றினார்.

"ஏ செக்‌ஷன்ல நாப்பத்தேழு காலியாத்தான் கெடக்கு. இனிமே நீ நாப்பத்தேழு, போ" என்றார்.

நாற்பத்தேழு காலி என்று அவர் சொன்னது, அந்த எண்ணைக் கூப்பிட்டால் யாரும் சத்தம் கொடுப்பதில்லை என்ற அர்த்தத்தில். பதிவேட்டில் அதற்கு நேரே 'டி. துலுக்கானம்' என்று ஒரு பெயர் இருந்தது. அந்தத் துலுக்கானம் நான்கு நாள் வந்தான், பிறகு அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். முறைப்படி விண்ணப்பம் கொடுத்து விலகாததால் அவன் பெயர் அடிக்கப்படவில்லை. மீதி எழுபத்தொன்பது நாளும் ஜேசுராஜ் "எஸ் மிஸ்" சொல்லச் சொல்ல, துலுக்கானத்தின் வரியில் பெருக்கல் குறிகள் விழுந்துகொண்டிருந்தன. பக்கத்து அறையில், பி பிரிவில், தினமும் "ட்வென்டி ஒன்" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஜேசுராஜுக்குச் சிவப்பு 'ஏ' போட்டார்கள்.

நவம்பரில், திங்கட்கிழமை பரீட்சை என்றால் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஹால் டிக்கெட் பட்டியல் ஒட்டினார்கள். அதை முதலில் பார்த்தவன் ஏ பிரிவு நண்பன் ஹாஜா மொய்தீன். பூந்தமல்லியில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் குடும்பம். வாரத்தில் இரண்டு நாள் வருவான்.

"மாமே, உன் பேரு லிஸ்ட்ல இல்லடா."

"நல்லாப் பாருடா."

"பாத்துகினுதான் கீறேன். கீழ தனியா ஒரு லிஸ்ட்டு கீது, அதுல கீறே. பன்னெண்டு பர்சென்ட்டாம்."

"எனக்கா?"

"நம்ம கேன்டீன் பூனைக்கே அதுக்கு மேல வரும் மச்சான்."

"நான் ஒரு நாள்கூட லீவு போடலடா!"

"எனக்குத் தெரியாதா? என் நம்பருக்கும் எஸ் சொன்னது நீதான? எனக்கு எம்பத்தெட்டு வந்து கீது. ரொம்ப தேங்ஸ்டா."

பட்டியலின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. முதல் பருவத் தேர்வு எழுதாதவரின் இடம் ரத்தாகும். ஜேசுராஜ் அதை இரண்டு முறை படித்தான். மூன்றாவது முறை படிக்கும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

அலுவலகத்தில் அய்யாசாமி கோபப்படவில்லை. பதிவேடுகளைப் பற்றிக் கேட்க யாராவது வந்தால் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. பி பிரிவின் பதிவேட்டை எடுத்து, மேலே இருந்த தூசியை ஊதிவிட்டு, ஸ்கேலை வைத்தார்.

"இங்க பாரு. இருபத்தொண்ணு. சி. ஜேசுராஜ். பதினோரு நாள் வந்திருக்கே. அப்புறம் எழுபத்தொன்பது 'ஏ'. என்ன நேர்த்தியா விழுந்திருக்கு பாரு, நடுவுல ஒரு நாள்கூட தப்பு இல்ல."

"சார், நான் ஏ செக்‌ஷன்ல இருந்தேன் சார். நாப்பத்தேழு. நீங்கதான மாத்தினீங்க?"

"மாத்தினேன். இல்லைன்னு சொல்லல. ஆனா நான் மாத்தினது ஆளை. பேரை மாத்தறதுக்கு முதல்வர் ஆணை வேணும். அதுக்கு நீ விண்ணப்பம் குடுக்கணும். குடுத்தியா?"

"குடுக்கணும்னு யாரும் சொல்லல சார்."

"சொல்றதுக்குன்னு இங்க போஸ்ட் கிடையாதுப்பா."

பிறகு ஏ பிரிவுப் பதிவேட்டைத் திறந்து நாற்பத்தேழாம் வரியைக் காட்டினார். அவர் முகமே இளகிவிட்டது. "துலுக்கானம். தொண்ணூத்திரெண்டு பர்சென்ட். வகுப்பிலேயே முதல். ஆரம்பத்துல ஏழு நாள் ஏதோ உடம்பு சரியில்ல போல. அப்புறம் பாரு, ஒரு நாள் தப்பல. நீங்கல்லாம் அவனைப் பார்த்துக் கத்துக்கணும்."

ஏ பிரிவுக்குக் கணிதம் நடத்தி, வருகையும் எடுத்த வசந்தா மிஸ்ஸிடம் ஜேசுராஜ் ஓடினான். அவர் நல்லவர். அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "உன்னை எனக்குத் தெரியும்ப்பா. ரெண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம்" என்றார்.

"அதை எழுதிக் குடுங்க மிஸ்."

"எப்படி எழுதறது? வருகை எடுக்கும்போது நான் தலையை நிமிர்த்த மாட்டேன். நிமிர்ந்தா கோடு பக்கத்துக் கட்டத்துல விழுந்துடும். சத்தம் வந்துச்சு, கோடு போட்டேன். அது யார் சத்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? முகத்துக்குன்னு பதிவேட்டுல கட்டம் இல்லையேப்பா."

அவர் சொன்னதும் சரிதான். கட்டம் இல்லை.

புதன்கிழமை காலை நிலைமை இன்னும் மோசமானது. சிறந்த வருகைக்கான சான்றிதழைக் கல்லூரி துலுக்கானத்தின் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டது என்று தகவல் பலகையில் போட்டார்கள். ஹாஜாவும் ஜேசுராஜும் விலாசத்தைக் குறித்துக்கொண்டு போய், அவன் வீட்டில் விசாரித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினார்கள்.

துலுக்கானம் உடம்பெல்லாம் எண்ணெயும் இரும்புத்தூளுமாகப் பட்டறை வாசலுக்கு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"இன்னா மச்சான் சொல்றே? நான் படிச்சிகினு கீறேனா?"

"தொண்ணூத்திரெண்டு பர்சென்ட்."

"பள்ளிக்கூடத்துலகூட நான் அவ்ளோ நாள் போனதில்லடா. எங்க அம்மாவாண்ட சொன்னா நம்பாது."

"சொல்லாத. நாளைக்கு காலேஜுக்கு வந்து, நான் வரவேயில்லன்னு ஒரு வார்த்தை சொல்லு நைனா" என்றான் ஜேசுராஜ். "இல்லாட்டி என் சீட்டு போய்டும்."

துலுக்கானம் நல்ல மனசுக்காரன். அரை நாள் சம்பளம் போகும் என்று தெரிந்தும் வியாழக்கிழமை வந்தான். முதல்வர் அவனை எழுந்து நின்று வரவேற்றார். கையைப் பிடித்துக் குலுக்கினார், குலுக்கிவிட்டுத் தன் கையில் ஒட்டிய கிரீஸைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"சார், நான் இந்தக் காலேஜுக்கு வர்றதே இல்ல சார். நாலு நாளு வந்தேன். அவ்ளோதான். பட்டறையில கேட்டுப் பாருங்க."

முதல்வர் புன்னகை செய்தார். "பார்த்தாயா அய்யாசாமி, என்ன அடக்கம்! இந்தக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து, வராமல் வந்தேன் என்று சொன்ன மாணவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். வந்துவிட்டு வரவில்லை என்று சொல்பவன் இவன் ஒருவன்தான். நண்பனுக்காகத் தன் வருகையையே விட்டுக்கொடுக்க வந்திருக்கிறான்."

"அய்யோ, இல்ல சார். நெஜமாவே வரல சார்."

"தம்பி, நீ சொல்வது உண்மையென்றால் வசந்தா மேடம் எழுபத்தொன்பது நாள் பொய் எழுதியிருக்கிறார் என்று ஆகும். அப்படி ஒரு புகாரை நீ கொடுக்க விரும்புகிறாயா?"

துலுக்கானம் விரும்பவில்லை. போகும்போது அய்யாசாமி அவனைக் கூப்பிட்டு ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். வெளியே வந்து அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொத பரீட்ச இன்னாடா?" என்று கேட்டான்.

"அல்ஜீப்ரா" என்றான் ஹாஜா.

"அது இன்னாது?"

ஜேசுராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மூன்று நாள்தான் இருந்தது.

அவன் நின்ற நிலையைப் பார்த்து அய்யாசாமிக்கே மனம் இரங்கிவிட்டது. வராந்தாவுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ தப்பான கதவைத் தட்டறே தம்பி. வந்தவனுக்கு உதவ நம்மகிட்ட விதி இல்ல. வராதவனுக்கு இருக்கு. வருகைக் குறைவு மன்னிப்புக் குழு. நீ வரலைன்னு ஒத்துக்கோ. மன்னிச்சிடுவாங்க."

"ஆனா நான் வந்தேனே சார்."

"அதை விட மாட்டியே! வந்தேன்னு சொல்ற வரைக்கும் உன்னை எப்படிப்பா மன்னிக்கிறது?"

மன்னிப்புப் படிவம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் வராத நாட்களின் எண்ணிக்கை. இரண்டாம் பக்கத்தில் காரணம். காரணங்கள் மூன்றே மூன்று, ஒன்றை டிக் செய்ய வேண்டும். முதலாவது நோய், அதற்கு நோய் வந்த மூன்று நாளுக்குள் மருத்துவர் சான்று கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவது குடும்பத்தில் மரணம், அதற்கு இறப்புச் சான்றிதழ். மூன்றாவது தீய சேர்க்கை. அதற்குச் சான்று எதுவும் தேவையில்லை, தீயவரின் பெயர் மட்டும் போதும். மூன்றாம் பக்கம் மாணவன் தன் கைப்பட எழுதும் ஒப்புதல். நான்காம் பக்கம் தகப்பனார் குழுவின் முன்னால் நேரில் வந்து போடும் கையெழுத்து.

"என் பேரப் போடு மாமே" என்றான் ஹாஜா. "இதுக்குக்கூட ஆவலன்னா நான் இன்னாத்துக்கு ஃப்ரெண்டு?"

வெள்ளிக்கிழமை அய்யாசாமி படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஹாஜா மொய்தீனுக்கு எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு பர்சென்ட் பையன் எப்படிப்பா தீய சேர்க்கை ஆவான்? எழுபத்தஞ்சுக்குக் கீழ உள்ளவனா ஒருத்தனைச் சொல்லு."

எழுபத்தைந்துக்குக் கீழே அந்த வகுப்பில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அய்யாசாமி தன் பேனாவாலேயே தீயவரின் பெயருக்கான இடத்தில் 'சி. ஜேசுராஜ்' என்று நிரப்பினார். "உன்னைக் கெடுத்தவன் நீயேதான்னு ஆயிடுச்சு. பரவால்ல, விதிக்குள்ளதான் வருது."

ஒப்புதலை ஜேசுராஜ் அங்கேயே எழுதினான். "நான் எழுபத்தொன்பது நாட்கள் கல்லூரிக்கு வராமல் ஊர் சுற்றினேன். இதற்காக வெட்கப்படுகிறேன்." அவன் கையெழுத்து அழகானது. வெட்கப்படுகிறேன் என்பதில் மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கிறிஸ்துதாஸ் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"இன்னாடா அநியாயம்! டெய்லி நீ எட்டு பத்துக்கு ஆவடி வண்டி ஏறினத நான் ஷெட்டுக்குப் போவச்சொல்ல என் கண்ணால பாத்துகினுதான கீறேன்? கையெழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வந்து பேசறேன்."

"அப்பா, பேசாதப்பா. கையெழுத்து மட்டும் போடுப்பா."

"அப்பனப் பேசக்கூடாதுன்னு சொல்றியா?"

ஹில்டா அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்துக் காலருக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடியது. நீள மேசையின் நடுவில் முதல்வர், ஒரு பக்கம் அய்யாசாமி, மறுபக்கம் வசந்தா மிஸ். எதிரே தகப்பனுக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். முதல்வர் தொடக்க உரை ஆற்றினார். கேட்டவர்கள் இரண்டு பேர்தான் என்றாலும் அவர் எழுந்து நின்றே பேசினார்.

"பெற்றோர்களே! இந்தக் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு தவறும் நடந்ததில்லை. நடந்திருந்தால் பதிவாகியிருக்கும். தவறுகளைப் பதிய இங்கே பதிவேடே இல்லையே என்று சிலர் கேட்கலாம். தேவைப்படாததால்தான் இல்லை. மாணவர்கள் வருவார்கள், போவார்கள். பதிவேடுதான் நிரந்தரம். ஒரு வருஷம் மாணவர்களே வராவிட்டாலும் எங்கள் பதிவேட்டில் ஒரு குறையும் காண முடியாது."

அய்யாசாமி கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

கிறிஸ்துதாஸ் எழுந்தார். "சார், நான் ஷெட்டுல முப்பது வருசமா வேலை பாக்கறவன். என் பையன் டெய்லி வந்தான் சார். நான் சாட்சி."

முதல்வரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? மிக்க மகிழ்ச்சி. அப்படியென்றால் மன்னிக்க ஒன்றுமில்லை. அய்யாசாமி, படிவத்தைக் கிழித்துவிடலாம். ஹால் டிக்கெட் கிடையாது."

அய்யாசாமி படிவத்தைக் கையில் எடுத்தார்.

"சார்!" என்றான் ஜேசுராஜ். அது அவன் குரல் மாதிரியே இல்லை. "நான் வரல சார்."

"உன் தகப்பனார் வந்தாய் என்கிறாரே?"

"அவருக்குத் தெரியாது சார். நான் வரல."

கிறிஸ்துதாஸ் மகனைத் திரும்பிப் பார்த்தார். அய்யாசாமி, தன் கடமை என்று நினைத்து, பி பிரிவின் பதிவேட்டை அவர் பக்கமாக நகர்த்தி ஸ்கேலை வைத்தார்.

இந்த இடத்தில் கிறிஸ்துதாஸின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பணிமனையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஏடு உண்டு. பிரேக் பார்த்தாயிற்று என்று அதில் கையெழுத்து இருந்தால், அந்தப் பெட்டியில் ஆயிரம் பேர் ஏறிப் போகலாம். பார்க்காமல் ஒரு நாளும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப் போட்டவன் ஒருவனையும் அவருக்குத் தெரியாது. எழுதி வைத்திருப்பது பொய்யாக இருக்கும் என்று அவர் நினைக்கத் தொடங்கினால், மறுநாள் எந்த ரயிலிலும் அவரால் ஏற முடியாது.

அவர் எழுபத்தொன்பது சிவப்பு எழுத்துகளின் மேலும் விரலை வைத்து, ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போனார். வரி முடிந்ததும் மூன்றாம் பக்கத்தைப் படித்தார்.

"இது உன் கையெழுத்தா?"

"என்னுதுதாம்பா."

"நீயே எழுதினதா?"

"நானேதாம்பா."

கிறிஸ்துதாஸ் நான்காம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். முதல்வர் மன்னித்தார். ஹால் டிக்கெட்டில் முத்திரை குத்தும்போது மை சரியாக விழவில்லை என்று அய்யாசாமி இன்னொரு முறை அழுத்திக் குத்தினார்.

அப்பாவும் மகனும் ஆவடி ஸ்டேஷனுக்கு வந்தார்கள். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜேசுராஜின் சட்டைப் பையில் ஹால் டிக்கெட் இருந்தது. அவன் அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"எங்கடா போனே?" என்றார் கிறிஸ்துதாஸ்.

"காலேஜுக்குத்தாம்பா."

"அங்க வரலன்னியே."

"அது ஹால் டிக்கெட்டுக்காகப்பா. நேத்தே எல்லாம் சொன்னேனே?"

"சரி, மறுபடி சொல்லு."

சொன்னான். உடைந்த பெஞ்சு, இருபத்தொன்று, நாற்பத்தேழு, லேத் பட்டறை, தீய சேர்க்கை. முந்தின நாள் இதே கதையைக் கேட்டு எழுந்து குதித்தவர், இன்று தலையைக் குனிந்தபடி கேட்டார். சொல்லச் சொல்ல ஜேசுராஜுக்கே அது பொய் மாதிரிப் பட்டது.

"நான் அடிக்க மாட்டேன்டா" என்றார் அப்பா. "திட்டவும் மாட்டேன். ஆனா எழுபத்தொன்பது நாளு என் புள்ள எங்க இருந்தான்னு எனக்குத் தெரியணும். அதுகூட தெரியலன்னா நான் இன்னாத்துக்குடா அப்பன்? அக்கா கேட்டா நான் இன்னா சொல்றது?"

கேட்டுவிட்டு, ஹில்டா இஸ்திரி போட்டுக் கொடுத்த காலரைத் தடவிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு இன்னொரு முறை நாற்பத்தேழு என்று சொல்ல ஜேசுராஜால் முடியவில்லை. எதிர் நடைமேடையில் பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் பஸ் பிடிக்கப் போகிறவர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏரிக்குப்பா" என்றான். "செம்பரம்பாக்கம் ஏரிக்கு."

கிறிஸ்துதாஸ் நீளமாக மூச்சை விட்டார். பதிவேட்டைப் பார்த்த ஒருவர் அவன் சொன்னதை முழுவதுமாக நம்பியது அதுதான் முதல்முறை.

"யாரு கூட?"

"தனியாத்தான்."

"எறங்குவியா?"

"இல்லப்பா. கரையில சும்மா உக்காந்துகினு இருப்பேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்பா."

"இத நேத்தே சொல்லியிருக்கலாம் இல்ல? சரி, வுடு. ஹில்டாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." மகன் தோள்மேல் கையை வைத்தார். தூரத்தில் வண்டி வருவது தெரிந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, சமாதானமாக ஏதாவது பேச வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"தண்ணி நெறைய கீதா?"

ஜேசுராஜ் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை.

"நெறைய கீதுப்பா" என்றான்.